நடந்து சேரும் தூரத்தில் ஒரு சமதரை
எல்லையோரக் கிராமசபைகளுக்கு ஒரு திறந்த மடல்

வெள்ளறடை, குன்னத்துகால், ஆரியங்கோடு, பாறசாலை ஆகிய பஞ்சாயத்துகளையும் அவற்றை ஒட்டிய ஊர்களையும் சேர்ந்த வார்டு கிராமசபை உறுப்பினர்களின் மேலான கவனத்திற்கு,

1994ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி ஒரு வார்டின் வாக்காளர் அனைவரும் அந்த வார்டின் கிராமசபை உறுப்பினர்களே. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடி, வாக்காளரில் பத்தில் ஒரு பங்கினர் வந்திருந்தால் தீர்மானம் நிறைவேற்றும் உரிமை அவர்களுக்கு உண்டு. சாலை, குடிநீர், வீட்டுமனை, தெருவிளக்கு என்று தீர்மானப் புத்தகத்தில் ஆண்டுதோறும் ஏறும் கோரிக்கைகளுக்கு நடுவே, உடலை அசைப்பதற்கென்று ஊருக்குள் ஓரிடம் வேண்டும் என்ற கோரிக்கை அரிதாகவே இடம்பெறுகிறது. இடம்பெற்றாலும் அது விளையாட்டுப் பிள்ளைகளின் ஆசையாகவோ, இளைஞர் கிளப்பின் விண்ணப்பமாகவோ கருதப்பட்டுப் பட்டியலின் அடிக்குப் போய்விடுகிறது. அந்தக் கோரிக்கை மருந்துக்கடை, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றின் வரிசையில் வைத்துப் பேசப்பட வேண்டியது என்பதும், அதற்கு வேண்டியது இயந்திரங்களைக் காட்டிலும் வீட்டிலிருந்து நடந்து சேரும் தூரத்தில் உள்ள ஒரு சமதரை என்பதும் இம்மடல் முன்வைக்கும் கருத்து.

நோயின் அளவிலிருந்து தொடங்குவது முறை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை ஆய்வாளர்கள் தலைமையேற்று நாடெங்கும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தபோது, இந்தியாவில் வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிடப்பட்டது; தமிழ்நாட்டில் அது 14.4 விழுக்காடு, கேரளத்தில் 25.5 விழுக்காடு. எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒரே மண், ஒரே மரச்சீனி, ஒரே மீன்குழம்பு என்றிருக்கும் ஊர்களில் மாநிலச் சராசரிகளுக்கு இடையே உள்ள இந்த இடைவெளியை அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது. ஆனாலும் நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு திண்ணையில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்பது இப்பகுதியில் யாரையும் வியப்பில் ஆழ்த்தும் செய்தியன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே கேரள மக்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர் என்பதையும் சேர்த்து எண்ணினால், மாத்திரைச் சீட்டுடன் மாதந்தோறும் வரிசையில் நிற்போரின் எண்ணிக்கை இனிமேலும் கூடவே செய்யும்.

உடற்பயிற்சி இந்நோய்க்கு நல்லது என்பதை அறியாதவர் இல்லை. ஆனால் அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்தால்தான் இடத்தின் அருமை விளங்கும். உண்ட உணவிலிருந்து இரத்தத்தில் கலக்கும் சர்க்கரையைத் தசைகளுக்குள் செலுத்துவது கணையம் சுரக்கும் இன்சுலினின் வேலை. அந்த இன்சுலினின் சொல்லுக்குத் தசை சரிவரக் கீழ்ப்படியாமல் போகும் நிலையை மருத்துவம் இன்சுலின் எதிர்ப்பு என்கிறது, பெரும்பாலோருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவின் வேரும் அதுவே. ஓடும்போதும் ஏறும்போதும் பாரம் தூக்கும்போதும் சுருங்கி விரியும் தசை, இன்சுலின் வந்து கதவைத் தட்டும்வரை காத்திராமல், சர்க்கரையை உள்ளே வாங்கும் வாயில்களைத் தானே திறந்துகொள்கிறது. பயிற்சி முடிந்த பிறகும் சில மணி நேரத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு நாள் வரை இன்சுலினுக்குத் தசை கூடுதலாக இணங்கி நடக்கிறது. அதன் பிறகு அந்தப் பலன் தேய்ந்துவிடுகிறது. சர்க்கரை நோயாளர் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் பயிற்சியின்றி இருக்கலாகாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அதாவது பேச முடிந்தாலும் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கும் பயிற்சி, அதனுடன் வாரம் இரு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த நெறிமுறையும் வாரம் முழுவதும் பரவி நடக்கும் பழக்கத்தையே எதிர்பார்க்கிறது. இரண்டு நாளுக்கொருமுறையாவது திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய ஒரு செயலுக்கான இடம், பஸ் ஏறிப் போய்ச் சேரும் தூரத்தில் இருந்தால் அந்தச் செயல் நிலைக்காது. திருவிழாவுக்கு வெகுதூரம் போகலாம், தண்ணீருக்குக் கிணறு பக்கத்தில் இருக்க வேண்டும். உடற்பயிற்சி இதில் கிணற்றின் வகையைச் சேர்ந்தது.

தூரத்துக்கும் உடல்நலத்துக்கும் உள்ள இந்த உறவை அயல்நாடுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 40 முதல் 70 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ நான்கு லட்சம் பேரின் வீடுகளையும் உடலளவுகளையும் ஒப்பிட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் ஜிம், நீச்சல்குளம், ஆடுகளம் போன்றவை நான்கேனும் உள்ளவர்களின் இடுப்புச் சுற்றளவு, அப்படி ஒன்றுமே இல்லாதவர்களுடையதைவிடச் சராசரியாக 1.22 சென்டிமீட்டர் குறைவாக இருந்ததாகக் கண்டது. இந்த வேறுபாடு பெண்களிடத்தில் கூடுதலாக இருந்தது. வருவாய் மிகுந்தவர்களிடத்திலும் கூடுதலாக இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் எளிய மக்கள் வாழும் பகுதிகளில் உள்ள எட்டுப் பூங்காக்களை ஆராய்ந்த 2007ஆம் ஆண்டு ஆய்வில், பூங்காவிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் வசித்தவர்கள் அதற்கப்பால் வசித்தவர்களைவிட வாரந்தோறும் அங்கு வருவதற்கு நான்கு மடங்கு வாய்ப்பு உடையவர்களாக இருந்தனர். வாரத்தில் அவர்கள் உடற்பயிற்சி செய்த தடவைகளும் 38 விழுக்காடு மிகுதி.

இத்தகைய எண்களைக் கையாளும்போது ஓர் எச்சரிக்கை தேவை. ஒரே காலப்புள்ளியில் எடுத்த கணக்கு எது காரணம், எது விளைவு என்று சொல்லாது. நடக்க விரும்புகிறவர் பூங்காவுக்குப் பக்கத்தில் வீடு தேடிப் போயிருக்கலாம், பூங்கா அவரை நடக்க வைத்திருக்க வேண்டியதில்லை. ஆய்வாளர்கள் இதைத் தன்தேர்வு என்பார்கள். ஆனால் எல்லையோரக் கிராமங்களில் பெரும்பாலோர் வீட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை; பாகப்பிரிவினையில் கிடைத்த பத்து சென்டிலோ, அரசு அளித்த மனையிலோ வீடு வைக்கிறார்கள். ஆகவே இந்த ஐயம் பிரிட்டனுக்குப் பொருந்தும் அளவுக்கு வெள்ளறடைக்குப் பொருந்தாது என்று கொள்ள இடமுண்டு.

அயல்நாட்டுச் சான்றுகளைவிட அருகிலேயே, கிராமசபை உறுப்பினர் பலருக்கு நேரடித் தொடர்பே இருந்திருக்கக்கூடிய ஒரு சான்று இருக்கிறது. கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்ற பெயரில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களும் கைகோத்து நடத்திய பெரிய ஆய்வின் களம் இப்பஞ்சாயத்துகள் அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டமே. வட்டத்தின் 60 வாக்குச்சாவடிப் பகுதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆள்வாரியாக அன்றிப் பகுதிவாரியாகச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரிக்கப்பட்டன; ஊர் முழுவதும் ஒரே பக்கத்தில் விழுவதால் அண்டைவீட்டார் ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டறிந்து முடிவைக் குழப்பிவிடாமல் இருக்க இந்த முறை உதவும். 30 முதல் 60 வயதுக்குட்பட்ட, நீரிழிவு இன்னும் வராத, ஆனால் வரும் வாய்ப்பு மிகுந்த 1,007 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதிக்கு அறிவுரைக் கையேடு மட்டும் தரப்பட்டது. மறுபாதிக்கு ஓராண்டில் 15 கூட்டங்கள் நடந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே. காய்கறித் தோட்டம், யோகா, கூட்டு நடை என்று ஊரளவிலான முயற்சிகளும் அதிலிருந்து கிளைத்தன.

2018இல் வெளியான முடிவு கவனமாகப் படிக்கத்தக்கது. இரண்டாண்டுக்குப் பிறகு கையேடு மட்டும் பெற்ற பகுதிகளில் 17.1 விழுக்காட்டினருக்கும், கூட்டங்கள் நடந்த பகுதிகளில் 14.9 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்திருந்தது. வேறுபாடு நல்ல திசையிலேயே இருந்தாலும், அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று புள்ளியியல் ஒதுக்கிவைக்கும் எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டது. காய்கறியும் பழமும் உண்பது கூடியது, மது குறைந்தது, அன்றாட வேலைகளை உடல் தாங்கும் திறன் சற்று உயர்ந்தது. முதன்மைப் பலன்களாக எடுத்துரைக்கப்பட்டவற்றுள் ஓய்வுநேர உடற்பயிற்சியின் உயர்வு இடம்பெறவில்லை. இதற்கு இடமின்மைதான் காரணம் என்று அந்த ஆய்வு கூறவில்லை. அப்படி அளக்க அது வடிவமைக்கப்படவும் இல்லை. எனினும் ஒரு வீட்டின் தட்டில் காய்கறி ஏறுவதற்குத் தோட்டத்தில் நான்கு தடம் போதும், மதுவைக் குறைக்க மனவுறுதியும் துணையும் போதும், நடைக்கோ ஒரு வழி வேண்டும் என்ற எளிய வேறுபாட்டை இந்த வட்டத்தின் நிலத்தை அறிந்த எவரும் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது. சொல்லித் தந்து, சேர்ந்து ஊக்குவித்து அடையக்கூடியதை அந்த ஆய்வு பெருமளவு அடைந்து காட்டியது. அதற்கு மேல் செய்ய வேண்டியது பஞ்சாயத்தின் கையில் இருக்கிறது.

இடம் ஒன்று உருவானால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னை திருமங்கலத்து ஏசியாட் காலனி ஒரு மாதிரி. நீரிழிவு மருத்துவர் வி. மோகன் குழுவினர் 1996இல் தொடங்கிய சென்னை நகர மக்கள்தொகை ஆய்வில் நடுத்தர வருவாயினர் வாழ்ந்த அந்தக் காலனியும், தியாகராய நகர்ப் பகுதியில் குறைந்த வருவாயினர் வாழ்ந்த ஒரு குடியிருப்பும் எடுத்துக்கொள்ளப்பட்டன. முதல் கணக்கெடுப்பின்போது ஏசியாட் காலனியில் வாரத்தில் மூன்று முறைக்கு மேல் ஏதேனும் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 விழுக்காட்டினரே. விழிப்புணர்வுக் கூட்டங்களுக்குப் பிறகு காலனிவாசிகள் தங்களுக்குள் பணம் திரட்டி, குடியிருப்புக்கு உள்ளேயே நடைபாதையுடன் கூடிய பூங்கா ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் கணக்கெடுத்தபோது அந்த விகிதம் 58.7 விழுக்காடாக உயர்ந்திருந்தது. பத்தாண்டு முடிவில் அந்தக் காலனியில் நீரிழிவு 12.4 விழுக்காட்டிலிருந்து 15.4க்குப் போயிருக்க, குறைந்த வருவாயினர் குடியிருப்பில் 6.5லிருந்து 15.3க்குத் தாவியிருந்தது. இரு குடியிருப்புகளும் பணத்தாலும் படிப்பாலும் தொழிலாலும் வேறுபட்டவை. தொடக்க அளவிலேயே ஒன்று மற்றதன் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. ஆகையால் பூங்கா ஒன்றே இதைச் செய்தது என்று அறுதியிட்டுச் சொல்வது அறிவியலாகாது. சொல்லக்கூடியது இவ்வளவுதான்: நடப்பது நல்லது என்று கேட்டறிந்தவர்கள் தங்கள் வாசலுக்கு அருகில் நடக்க ஓரிடம் கிடைத்ததும் நடந்தார்கள். தங்கள் பணத்தில் பூங்கா கட்ட இயலாதவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அங்கேதான் பஞ்சாயத்து என்ற அமைப்பின் கடமை தொடங்குகிறது.

இப்போது வெள்ளறடையின் நிலத்துக்கு வரலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், குன்றும் பள்ளமுமாக அலையலையாக இறங்கும் இந்த மண்ணில் சமதரை என்பதே அருமையான பொருள். குன்றின் சரிவெல்லாம் ரப்பர். குன்றுகளுக்கு இடையிலான ஏலாக்களில் ஒரு காலத்தில் நெல், பின்பு வாழையும் மரச்சீனியும், இப்போது பல இடங்களில் நிரப்பி எழுப்பிய வீடுகள். தமிழ்நாட்டுக் கிராமம் போல வீடுகள் ஓரிடத்தில் நெருங்கி நிற்பதில்லை, ஒவ்வொன்றும் தன் புரையிடத்துக்குள் தனித்தனியே நிற்கிறது. ஆகவே ஊருக்கு நடுவில் பொதுவான மந்தைவெளி என்று ஒன்று இங்கே தோன்றவே இல்லை. மிச்சமிருக்கும் பொதுவெளி சாலை மட்டுமே. அந்தச் சாலையோ வளைவுகள் நிறைந்தது, பல இடங்களில் நடைமேடை இல்லாதது, பனச்சமூட்டிலிருந்து களியக்காவிளை வரை லாரியும் டெம்போவும் பஸ்ஸும் உரசிச் செல்வது. மாலை ஆறு மணிக்குச் சர்க்கரை நோய்க்கென்று நடக்கக் கிளம்பும் ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் தார்ச்சாலையின் விளிம்புக்கும் வடிகாலின் விளிம்புக்கும் இடையே உள்ள ஒரு முழம் சரளை மண்ணில் நடக்கிறார். கையில் நாய்க்காக ஒரு கம்பு, எதிரே விளக்கு தெரிந்ததும் நின்று ஒதுங்கி, வண்டி போனபின் மறுபடி நடை. மருத்துவர் சொன்ன மூச்சு வாங்கும் வேகம் இந்த நடையில் வருவதற்கு வழியில்லை. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமும், அக்டோபரில் தொடரும் துலாமழையும் சேர்ந்து, ஆண்டில் ஏறத்தாழ பாதி மாதங்களில் இதையும் அடைத்துவிடுகின்றன.

உழைக்கும் மக்களுக்கு எதற்குத் தனியாக உடற்பயிற்சி என்று கிராமசபையில் எழக்கூடிய கேள்வி மதிக்கத்தக்கதே. விடியுமுன் நெற்றிவிளக்குடன் தோட்டத்துக்குள் போய், மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து பால்வெட்டி, வெயில் ஏறியதும் சிரட்டைகளில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்து சரிவில் இறங்கும் தொழிலாளியைப் பார்த்து உடலை அசையுங்கள் என்று சொல்வது பொருத்தமற்றது போலத் தோன்றும். ஆனால் தொழிலில் வரும் உழைப்பும் பயிற்சியில் வரும் உழைப்பும் உடலுக்கு ஒன்றல்ல என்பதை ஆய்வுகள் சுட்டிக்காட்டியுள்ளன. தொழிலில் ஒரே தசை ஒரே பாங்கில் மணிக்கணக்கில் இயங்குகிறது, ஓய்வு தொழிலாளியின் கையில் இல்லை, முதுகும் முழங்காலும் தேய்கின்றன. பயிற்சியிலோ இதயத் துடிப்பு சிறிது நேரம் உயர்ந்து தணிகிறது, உடல் மீள்வதற்கு இடைவெளி கிடைக்கிறது. மேலும் பால்வெட்டு நண்பகலுக்கு முன் முடிந்துவிடுகிறது, மழைக்காலத்தில் நாட்கணக்கில் நின்றுவிடுகிறது. அதைத் தொழிலாகக் கொண்டவர்களும் குறைந்து, அவர்கள் பிள்ளைகள் கடையிலும் அலுவலகத்திலும் ஆட்டோவிலும் வளைகுடா நாட்டு வேலையிலும் உட்கார்ந்தபடி உழைக்கும் தலைமுறையாகிவிட்டார்கள். 2022ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீடு ஒன்று இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறத்தாழ பாதிப்பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் என்றது. ஆண்களில் 42 விழுக்காடு, பெண்களில் 57 விழுக்காடு. காலை நான்கரைக்கு அடுப்பில் தொடங்கி இரவு பத்துக்குப் பாத்திரத்தில் முடியும் நாளை உடையவர்கள் அந்தப் பெண்கள் என்பதை நினைத்தால், குறைவு சோம்பலில் இல்லை, நேரத்திலும் இடத்திலும் இருக்கிறது என்பது தெளிவாகும்.

அக்கம்பக்கத்துப் பயிற்சியிடம் என்பது இம்மண்ணுக்கு மேல்நாட்டிலிருந்து வந்த கருத்து அன்று. நெய்யாற்றின்கரை, விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்கள் திருவிதாங்கூரின் பகுதிகளாக ஒன்றாக இருந்த காலத்திலும், 1956 நவம்பர் 1ஆம் நாள் எல்லை வகுக்கப்பட்டு முதலாவது கேரளத்திலும் மற்ற இரண்டும் அன்றைய சென்னை மாநிலத்திலும் பிரிந்த பிறகும், தெக்கன் களரி என்றும் அடிமுறை என்றும் வழங்கும் கலை இருபுறமும் பயிலப்பட்டு வந்திருக்கிறது. அதன் களம் திறந்த செம்மண் தரை. ஆசான் வீட்டு முற்றமோ, தென்னந்தோப்பின் ஒரு மூலையோ போதும். அங்கே கருவி குறைவு, ஆசான் இன்றியமையாதவர். சுவடு வைக்கக் கற்றுத்தரும் அவரே எலும்பு பிசகினால் தடவி வைத்தியமும் பார்ப்பார். பயிற்சிக்கூடமும் மருத்துவமும் ஒரே திண்ணையில் இருந்த ஏற்பாடு அது. ஆண்பிள்ளைகளுக்கும், அவர்களிலும் சிலருக்கும் மட்டுமே அது பெரும்பாலும் திறந்திருந்தது என்ற குறையை மறைக்க வேண்டியதில்லை. பின்னாளில் வாசகசாலைகள் வந்தன. பி. என். பணிக்கர் 1945இல் 47 கிராம நூலகங்களைச் சேர்த்துத் தொடங்கிய இயக்கம் நடந்து போகும் தூரத்தில் ஒரு நூலகம் என்ற நிலையைக் கேரளத்தில் உருவாக்கியது. பல நூலகங்களின் பக்கத்தில் கைப்பந்து வலை ஒன்றும் கட்டப்பட்டது. புத்தகத்துக்குச் சாத்தியமான நெருக்கம் உடற்பயிற்சிக்கும் சாத்தியமே.

அரசுகள் இதை உணராமல் இல்லை. தமிழ்நாட்டில் 2016இல் ஊரகப் பகுதிகளுக்கு 500 அம்மா பூங்காக்களும் 500 அம்மா உடற்பயிற்சிக்கூடங்களும் அறிவிக்கப்பட்டன. 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற திட்டத்தின்கீழ் 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைப்பயிற்சித் தடங்கள் தொடங்கப்பட்டன. கேரள விளையாட்டுத் துறை, மைதானமே இல்லாத பஞ்சாயத்துகளை எண்ணி ஒரு பஞ்சாயத்துக்கு ஓர் ஆடுகளம் என்ற திட்டத்தை நடத்திவருகிறது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கும் ஒரு பஞ்சாயத்தில் ஒரே ஓர் ஆடுகளம் என்பது, இரண்டு வார்டுகளுக்கு நடந்து போகும் தூரத்திலும் மற்ற எல்லா வார்டுகளுக்கும் வண்டியில் போகும் தூரத்திலும் இருக்கும்; வண்டி வைத்திருக்கும் இளைஞர்களே அதனால் பயனடைவார்கள். மாவட்டத்துக்கு ஒரு தடம் என்பதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

திறந்தவெளி ஜிம் எனப்படும் இரும்புக் கருவிகளின் வரிசை குறித்தும் கிராமசபை தெளிவாக இருப்பது நல்லது. ஒப்பந்தம் விட்டு, திறப்புவிழா நடத்தி, பெயர்ப்பலகை வைக்க ஏற்றது என்பதால் அது எங்கும் விரும்பப்படுகிறது. ஆனால் ஆண்டில் ஆறு மாதம் மழை விழும் ஊரில் அதன் உருளைத் தாங்கிகள் முதல் பருவத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். கால் வைத்து முன்னும் பின்னும் வீசி நடக்கும் கருவியின் ஒரு பக்கம் இறுகிக்கொண்டால் மறுபக்கம் மட்டும் ஆடும். அப்படி ஆடுவதில் ஏறும் முதியவரின் இடுப்புக்கு நன்மையைவிடத் தீமையே மிகுதி. பராமரிப்புக்கு ஆளும் பணமும் ஒதுக்காமல் கருவி வாங்குவது, ஆசான் இல்லாமல் களரி கட்டுவதற்கு ஒப்பானது.

இதற்கு எதிர்நிலையில், கருவி எதுவுமே இல்லாமல் பரவிய ஒரு முயற்சி கேரளத்தின் வடபகுதியில் உண்டு. மலப்புறம் மாவட்டத்துக் கொண்டோட்டிக்கு அருகே துறக்கல் என்ற ஊரில் முன்னாள் துணை ராணுவ வீரர் ஒருவர் 2012இல் தொடங்கிய மெக்-7 என்ற கூட்டுப் பயிற்சி, ஏழு வகைப்பட்ட 21 எளிய பயிற்சிகளை 21 நிமிடத்தில் முடிப்பது. கட்டணம் கிடையாது, காலையில் ஒரு திறந்தவெளியில் கூடுவதே வழக்கம். அண்மை ஆண்டுகளில் அது மலபாரெங்கும் பரவியதும், 2024 இறுதியில் அரசியல் விவாதப் பொருளானதும் செய்திகளில் வந்தவை. அந்த விவாதத்துக்குள் செல்லாமலே அதிலிருந்து கற்கத்தக்கது, வயதானவர்களும் பெண்களும் உட்படப் பலரையும் விடியற்காலையில் வீட்டை விட்டு வெளியே கொண்டுவர ஒரு சமதரையும், ஒரு குறித்த நேரமும், தெரிந்த முகங்களும் போதுமானவையாக இருந்தன என்பதே. வெள்ளறடையில் உள்ளவர்களுக்கு இது புதிதன்று. தவக்காலத்தில் தெக்கன் குரிசுமலையின் செங்குத்தான பாதையில், வேறு நாளில் மாடிப்படி ஏறத் தயங்கும் முதியவர்களும் துணையோடு ஏறிவிடுவதை ஊரார் ஆண்டுதோறும் காண்கிறார்கள்.

அந்தச் சமதரை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலான வார்டுகளில் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது. குன்றை வெட்டிச் சமன்படுத்தி ஊரார் முன்னொரு காலத்தில் உண்டாக்கிய பள்ளிக்கூட மைதானமே அது. பள்ளிக்கு மைதானம் இன்றியமையாதது என்பதைக் கேரள உயர்நீதிமன்றம் 2024 ஏப்ரலில் வலியுறுத்தியது. கொல்லம் மாவட்டத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியின் விளையாட்டிடத்தில் தண்ணீர்த் தொட்டி கட்ட முற்பட்டது தொடர்பான வழக்கில், மைதானத்தின் அளவையும் வசதிகளையும் வரையறுக்கும் நெறிகளை நான்கு மாதத்துக்குள் வகுக்குமாறு அரசுக்கு ஆணையிட்டது. அரசுத் தொடக்கப் பள்ளிகள் பஞ்சாயத்தின் பொறுப்பில் உள்ளவை. ஆனால் மாலை நான்கு மணிக்கு மணியடித்துப் பிள்ளைகள் வீடு திரும்பியதும் வாயிற்கதவில் சங்கிலி ஏறுகிறது. செம்மண் தரையும், ஓரத்துப் பலாமர நிழலும், மறுநாள் காலை ஒன்பது மணி வரை யாருக்கும் பயன்படாமல் கிடக்கின்றன. பால்வெட்டு முடித்தவர்க்கும் சமையல் முடித்தவர்க்கும் அலுவலகம் விட்டு வந்தவர்க்கும் உடற்பயிற்சி செய்யக் கிடைக்கும் நேரம், அந்தக் கதவு மூடியிருக்கும் நேரமே.

கதவு பூட்டப்படுவதற்குத் தலைமையாசிரியர்கள் சொல்லும் காரணங்கள் நியாயமானவை. சன்னல் உடையும், காலையில் பாட்டில்கள் கிடக்கும், யாருக்காவது அடிபட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வி வரும். அவற்றைத் தலைமையாசிரியரின் தலையில் சுமத்தாமல் பஞ்சாயத்து ஏற்றுக்கொண்டால் மட்டுமே கதவு திறக்கும். காலை ஐந்தரை முதல் ஏழரை வரை, மாலை ஐந்து முதல் ஏழரை வரை என நேரம் குறித்து, அந்த நேரத்துக்கு ஒரு பொறுப்பாளரை நியமித்து, உடைவதைப் பழுதுபார்க்க ஒரு தொகையைத் தீர்மானத்திலேயே எழுதிவைப்பது முதற்படி. மைதானத்தைச் சுற்றி விளிம்பில் ஆறடி அகலத்துக்குச் சரளையிட்டு நீர் வடியும்படி ஒரு நடைத்தடம், இரண்டு விளக்குக் கம்பங்கள், பெண்களுக்குக் கழிப்பறைச் சாவி, மழைக்கு ஒதுங்கவும் மழையிலும் பயிற்சி நடக்கவும் ஒரு தகரக்கூரை ஆகியன அடுத்த படி. நாய்களுக்கு இடைவெளி விடாத சுற்றுமதில் பள்ளிக்கும் பாதுகாப்பே. பெண்களுக்கென்று சில நாளோ சில நேரமோ ஒதுக்குவதைத் தொடக்கத்திலேயே செய்யாவிட்டால், கால்பந்தும் கிரிக்கெட்டும் முழு மைதானத்தையும் எடுத்துக்கொள்ளும். பிரிட்டன் ஆய்வில் நெருக்கத்தின் பலன் பெண்களிடத்தில் கூடுதலாகத் தெரிந்தது என்பது இங்கே நினைவுகூரத்தக்கது.

ஆள் திரட்டுவதற்குப் புதிதாக எந்தச் சங்கமும் வேண்டியதில்லை. பத்திருபது வீட்டுப் பெண்கள் வாரந்தோறும் கூடும் குடும்பஸ்ரீயின் அயல்கூட்டம் இருக்கிறது. முப்பது வயது கடந்தவர்களின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீடுவீடாகக் கேட்டுப் பதியும் ஆஷா பணியாளர் இருக்கிறார். நெய்யாற்றின்கரை ஆய்வில் உள்ளூர்த் தலைவர்கள் செய்து காட்டிய வேலையை இவர்கள் தொடரலாம். எல்லையோர வார்டுகளில் அறிவிப்புப் பலகையும் பயிற்சிக் குறிப்பும் மலையாளத்துடன் தமிழிலும் இருப்பது சலுகை அன்று, தேவை. வீட்டில் தமிழ் பேசும் முதியவர் பலருக்கு மருந்துச் சீட்டைப் போலவே அந்தப் பலகையும் படித்துச் சொல்ல ஆள் வேண்டியதாகிவிடக் கூடாது. எல்லைக்கு அப்பால் பத்துகாணியிலோ கடையலிலோ உள்ள மைதானம் ஒரு வார்டுக்கு அருகில் இருக்குமானால், அங்குள்ள உள்ளாட்சி அமைப்புடன் பேசி இருபுறத்தாரும் பயன்படுத்துவதற்கும் தடையேதும் இருக்க வேண்டியதில்லை. சந்தைக்கும் கல்யாணத்துக்கும் தினமும் கடக்கப்படும் கோடுதான் அது.

அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்கு முன்னதாக ஒரு சிறு வேலையைச் செய்து முடிக்குமாறு உறுப்பினர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். வார்டின் வரைபடம் ஒன்றைப் பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்து பெற்று, பள்ளி மைதானம், வாசகசாலை முற்றம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றின் வெளியிடம், தரிசாகக் கிடக்கும் புறம்போக்கு என்று அரை ஏக்கருக்குக் குறையாத சமதரைகள் எல்லாவற்றையும் அதில் குறிக்கலாம். பிறகு ஒவ்வொரு அயல்கூட்டத்திலிருந்தும் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் தம் வீட்டு வாசலிலிருந்து அருகிலுள்ள குறிக்கு அவருடைய இயல்பான நடையில் நடந்து பார்த்து, எத்தனை நிமிடம், வழியில் எந்த இடத்தில் விளக்கில்லை, எந்த வளைவில் ஒதுங்க இடமில்லை என்று எழுதி வரலாம். பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்த வீடுகள் எவை என்ற பட்டியலும், மாலை ஐந்து மணிக்குப் பூட்டியிருந்த கதவுகள் எவை என்ற பட்டியலும் கூட்டத்தில் உரக்கப் படிக்கப்பட்டு, கதவுவாரியாகத் திறக்கும் நேரமும் சாவி வைத்திருப்பவர் பெயரும் அன்றே தீர்மானப் புத்தகத்தில் பதிவாகட்டும்.